சமையலறைப் பொருட்களை வைத்தே குழந்தைகளுக்கு என்ன அறிவியல் சோதனை செய்து காட்டலாம்?

சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி நுரை பொங்க வைப்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், துடைக்கிற வேலைதான் மிஞ்சும். நான் முட்டையைத்தான் சொல்வேன்.

ஒரு பச்சை முட்டையை உடைக்காமல் டம்ளரில் வைத்து, மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றுங்கள். ஓட்டின் மேல் குட்டிக் குட்டிக் குமிழ்கள் வரும். ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம், இரண்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது (சோடா நுரையில் வருவதும் இதே வாயுதான்). மறுநாள் வினிகரை மாற்றி இன்னொரு நாள் விட்டால் ஓடு கரைந்துபோய், மெல்லிய சவ்வு மட்டும் மூடிய, ரப்பர் பந்து மாதிரியான முட்டை கிடைக்கும். டார்ச் அடித்தால் உள்ளே மஞ்சள் கரு அசைவதும் தெரியும்.

சுவாரசியமே அப்புறம்தான். அதைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் ஒரு நாள் போட்டால் சுருங்கும், எடுத்துத் தண்ணீரில் போட்டால் மறுபடி உப்பும். சவ்வைத் தண்ணீர் சுலபமாகக் கடந்துவிடும், சர்க்கரைக்கு அது அவ்வளவு சுலபமில்லை, அதனால் கரைந்த பொருள் அதிகமாக இருக்கும் பக்கம் தண்ணீர் போகிறது. பாடப்புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்று வருவது இதுதான். ஒவ்வொரு முறையும் நூலால் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இது வெறும் வேடிக்கையாகிவிடும்.

உடனே ஏதாவது வேண்டுமென்றால் மஞ்சள் தூள் கரைசலில் சோப்புத் தண்ணீர் விடுங்கள், சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் பழைய நிறத்துக்கே திரும்பும்.

பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், தொட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.