சித்திர ஆசிரியர்கள் ஏன் "பார்த்து வரை" என்கிறார்கள்?

பார்த்து வரைதல் என்றால் இன்னொரு படத்தைப் பார்த்து அல்ல, பொருளையே எதிரே வைத்து வரைவது.

நம் மனதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுருக்க உருவம் இருக்கிறது. கை அதைத்தான் முதலில் போடும். பனை கீறச் சொன்னால் பிள்ளை இரண்டு நேர்கோடும் உச்சியில் ஐந்து ஓலையும் போட்டு முடித்துவிடும். சரி, யாழ்ப்பாணத்தில்தான் வேலிக்கு வேலி பனை நிற்கிறதே, அதன் முன்னால் இருத்திப் பாருங்கள். 30 அளவில் ஓலைகள் வட்டமாக விரிந்திருக்கும், காய்ந்த காவோலை கீழே தொங்கும், மரத்தில் மட்டை கழன்ற வளையத் தழும்புகள் தெரியும். வடலியில், அதாவது இளம் பனையில், மட்டைகள் இன்னும் ஒட்டியிருக்கும். அங்கே பிள்ளையின் கை தயங்கும். அந்தத் தயக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும், கண் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நல்ல ஆசிரியர் அப்போது பென்சிலை வாங்கித் திருத்தமாட்டார், "எந்த ஓலை உனக்குக் கிட்ட இருக்கு?" என்று கேட்பார்.

சைக்கிள் கரியரில் இருந்து போனவருக்குப் பாதை நினைவில் நிற்பதில்லை. தானே சைக்கிளை மிதித்துப் போனவருக்கு ஒவ்வொரு ஒழுங்கையும் சந்தும் தெரியும். இன்னொருவர் படத்தைப் பார்த்து வரைவதற்கும் பொருளையே பார்த்து வரைவதற்கும் உள்ள வித்தியாசமும் அப்படித்தான்.

பிரதி செய்வதே தவறு என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். கோட்டின் அழுத்தத்தையும் நிறம் கலக்கும் விதத்தையும் மற்றவர்களின் படங்களைப் பிரதி செய்தும் பழகலாம்.