து ஃபூவின் மனைவி பார்த்த நிலவு

அன்புள்ள ஐயா,

தாங் அரசமரபுக் காலச் சீனக் கவிதைகளை மொழிபெயர்ப்பில் வாசித்தேன். நிலவு, மலை, மது, நண்பனுக்கு விடைகொடுப்பது. திரும்பத் திரும்ப இவ்வளவுதான். சங்க அகப்பாடல்களைப் போல என்கிறார்கள். எனக்குப் பிடிபடவில்லை. இன்றைய சீனர்களுக்காவது இவை நெருக்கமானவையா, இல்லை பள்ளி மனப்பாடத்தோடு சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அகப்பாடலோடு ஒப்பிடுவதுதான் உங்களைத் தடுக்கிறது என நினைக்கிறேன். அகத்தில் தலைவனுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். தாங் கவிதை பெரும்பாலும் நேர் எதிர். இன்னார், இன்ன ஊரில், இன்ன சமயத்தில், இன்னாருக்குச் சொன்னது. பல கவிதைகளில் தலைப்பிலேயே பாதி விவரம் இருக்கும். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது நீங்கள் சொன்ன நிலவும் மதுவும்தான்.

எட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் து ஃபூவின் ‘நிலவு இரவு’ கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். 755இல் அன் லூஷான் என்ற தளபதி கலகம் செய்கிறான். அடுத்த ஆண்டு தலைநகர் சாங்கான் விழுகிறது. மனைவி மக்களை வடக்கே ஃபூசோவில் விட்டுவிட்டுப் புதிய பேரரசரிடம் போய்ச் சேரக் கிளம்பிய து ஃபூ, வழியில் கலகக்காரர்களிடம் சிக்கிச் சாங்கானில் கிடக்கிறார். எழுதியது எட்டே வரி. உன்னை நினைத்து ஏங்குகிறேன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. இன்றிரவு ஃபூசோவில் அவள் தனியாக நிலவைப் பார்ப்பாள் என்கிறார். பிள்ளைகள் கூடவே இருக்கிறார்கள். ஆனால் சாங்கானை நினைத்துக்கொள்ளத் தெரியாத வயது. அவள் தனியாக இருப்பது அப்படித்தான். பனியில் கூந்தல் ஈரமாகியிருக்கும், கை சில்லிட்டிருக்கும். எவ்வளவு நேரமாக வெளியே நிற்கிறாள் என்பதை நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

சரி, இன்றைய சீனர்கள். மனப்பாடம் உண்மைதான். பதினெட்டாம் நூற்றாண்டில் தொகுத்த ‘முந்நூறு தாங் கவிதைகள்’ இன்னும் பிள்ளைகள் கையில் இருக்கிறது. 2016 முதல் அரசுத் தொலைக்காட்சியில் கவிதைப் போட்டியே நடக்கிறது. (எனக்கு அது ஞாபகசக்திப் பரீட்சையாகத்தான் படுகிறது.) ஆனால் 2020 தொடக்கத்தில், கொரோனாவில் தவித்த ஹூபெய் மாகாணத்துக்கு ஜப்பானிலிருந்து வந்த நிவாரணப் பெட்டிகளில் ஒரு வரி ஒட்டியிருந்தது: மலையும் ஆறும் வேறு நாட்டினது, காற்றும் நிலவும் ஒரே வானத்தினது. எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானிய இளவரசர் நகாயா, சீனத் துறவிகளுக்கு அனுப்பிய அங்கிகளில் தைத்துக் கொடுத்த வரி. அது சீன இணையம் முழுக்கப் பரவியது. நமக்கு ‘தைரியமாக இரு வூஹான்’ என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லையே என்று சீனர்களே அங்கலாய்த்துக்கொண்டார்கள்.

அடுத்து து ஃபூவின் ‘வசந்தக் காட்சி’யைப் படியுங்கள். 757, அதே சாங்கான். வீட்டிலிருந்து வரும் ஒரு கடிதம் பத்தாயிரம் பொன் பெறும் என்று அதில் வருகிறது. எந்த வீடு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.