மணிக்கா, நிமிடத்துக்கா? கதிர்வீச்சு அளவு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "இதை அதாக மாற்றித் தாருங்கள்" ரகம். அலகே போடாமல் வந்த நான்கை ஓரமாக வைத்துவிட்டேன். அதில் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், மற்ற மூவரும் படிக்கட்டும் என்று.

மணிக்கு 1 ராட் என்றால் மணிக்கு எத்தனை கிரே? (இயற்பியல் மாணவி, திருநெல்வேலி)

0.01 கிரே, அதாவது 10 மில்லிகிரே. கிரே என்பது பொருளோ உடம்போ உறிஞ்சிய கதிர்வீச்சின் அளவு, சீவர்ட் என்பது அது உடம்புக்குச் செய்யும் பாதிப்பைக் கணக்கில் எடுத்த அளவு; எக்ஸ்-கதிருக்கும் காமாவுக்கும் இரண்டும் ஒரே எண் என்று வைத்துக்கொள்ளலாம். ராடும் ரெம்மும் அவற்றுக்கான பழைய அலகுகள். ராடை நூறால் வகுத்தால் கிரே, ரெம்மை நூறால் வகுத்தால் சீவர்ட். இரண்டு பக்கமும் "மணிக்கு" இருப்பதால் நேரத்தைத் தொடவே வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கிய மீட்டர் என் வீட்டில் 0.18 காட்டுகிறது. ஆபத்தா? (சென்னை)

0.18 என்ன ஐயா? லிட்டரா, கிலோவா? மணிக்கு 0.18 மைக்ரோசீவர்ட் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள், கிரானைட் தளம் போட்ட வீட்டில் அவ்வளவு இருக்கும். மணிக்கு 0.18 மில்லிசீவர்ட் என்றால் முதலில் வீட்டை விட்டு வெளியே வாருங்கள், கடிதத்தை அப்புறம் எழுதலாம். மில்லி (ஆயிரத்தில் ஒன்று), மைக்ரோ (பத்து லட்சத்தில் ஒன்று) என்ற முன்னொட்டும் நேரமும் இல்லாத எண் வெறும் எண்தான்.

எங்கள் பழைய சர்வே மீட்டர் மணிக்கு மில்லி ரோன்ட்ஜெனில் காட்டுகிறது. ரிப்போர்ட்டில் மைக்ரோசீவர்ட் கேட்கிறார்கள். (ரேடியோகிராபர், திருச்சி)

பத்தால் பெருக்குங்கள். ரோன்ட்ஜென் என்பது எக்ஸ்-கதிரும் காமாவும் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தை வைத்து அளக்கும் பழைய அலகு. கறாராகப் பார்த்தால் 1 ரோன்ட்ஜென் காற்றில் சுமார் 0.0088 கிரே, உடல் திசுவில் அதைவிடக் கொஞ்சம் கூட. பத்து என்று வைத்துக்கொண்டால் தவறு பாதுகாப்பான பக்கத்தில் விழும். எக்ஸ்-கதிருக்கும் காமாவுக்கும் மட்டுமே இந்தக் கணக்கு, நியூட்ரான் இருக்கும் இடத்தில் செல்லாது. மீட்டரைக் கடைசியாகக் காலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) அனுப்பியது எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் பார்த்துவிடுங்கள்.

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மணிக்கு 1.2 மைக்ரோகிரே காட்டியது. ஆண்டுக்கு எவ்வளவு? 24-ஆல் பெருக்கினேன், மிகக் குறைவாக வருகிறதே? (நாகர்கோவில்)

24-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்குதான் வரும், தம்பி. ஆண்டுக்கு 8760 மணி நேரம். பெருக்கினால் பத்தரை மில்லிகிரே. ஆனால் நீங்கள் மணலிலேயே பாய் விரித்துப் படுத்தால்தான் அந்த எண். தினமும் இரண்டு மணி நேரம் காற்று வாங்கப் போகிறவருக்கு 730 மணி நேரம்தான், ஒரு மில்லிகிரேயைக்கூடத் தொடாது. அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம், மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம். மீட்டர் கூடக் காட்டுவதில் அதிசயம் எதுவும் இல்லை.

எங்கள் ஆலோசகர் தந்த அறிக்கையில் ஒரு பக்கத்தில் மணிக்கு 6 மைக்ரோகிரே, மறுபக்கத்தில் அதே இடத்துக்கு 6 மில்லிகிரே. எதை நம்புவது? (கோவை)

இரண்டையும் நம்பாதீர்கள். மீட்டரை எடுத்துக்கொண்டு நீங்களே போய் அளந்து பாருங்கள்.

இந்த வியாதியை முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். மைக்ரோவுக்கு மியூ என்ற கிரேக்க எழுத்தைப் போடுகிறோம் அல்லவா? கணினியில் 'சிம்பல்' என்றொரு எழுத்துரு உண்டு. அதில் ஆங்கில எம் விசையைத் தட்டினால் திரையில் மியூ விழும். அந்தக் கோப்பை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் மியூ மறுபடி எம் ஆகிவிடும். எம் என்றால் மில்லி. ஒரு எழுத்துரு மாறியதில் அளவு ஆயிரம் மடங்கு!

நான் பாதுகாப்பு அலுவலராக இருந்த ஓர் இடத்தில், கதிர்வீச்சு தரும் மூலங்களை வைக்கும் அறையின் வாசலில் மணிக்கு 4 மைக்ரோகிரே அளந்து எழுதிக் கொடுத்தேன். தட்டச்சு செய்தவர் ஒழுங்காகத்தான் செய்தார். மேலாளர் கணினியில் திறந்து அச்செடுத்தபோது 4 மில்லிகிரே. மறுநாள் காலை அந்த வராந்தாவுக்கே கயிறு கட்டிவிட்டார்கள், ஷிப்டுக்கு வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கதிர்வீச்சுப் பணியாளருக்கு நம் நாட்டு வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மணிக்கு 4 மில்லி என்றால் அந்த 20 ஐந்தே மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மணிக்கு 4 மைக்ரோ என்றால் 5000 மணி நேரம், ஒருவர் ஆண்டு முழுக்க வேலை பார்ப்பதே ஏறக்குறைய 2000 மணி நேரம்தான். என் கைப்பட எழுதிய நோட்டைக் காட்டின பிறகே கயிறு அவிழ்ந்தது.

அன்று தவறு பயமுறுத்தும் பக்கம் விழுந்தது, பிழைத்தோம். நிஜமாகவே மில்லி இருந்து அது மைக்ரோ என்று அச்சாகியிருந்தால்? மருந்துச் சீட்டில்கூட மைக்ரோகிராமுக்கு மியூ போடாதே என்று சொல்லித் தருகிறார்கள். ஆகவே "மைக்ரோகிரே" என்று முழுசாக எழுதுங்கள். நாலு எழுத்து கூடுவதால் கை தேய்ந்துவிடாது. சின்ன எம், பெரிய எம் குழப்பமும் வேண்டாம், பெரியது மெகா. மில்லிக்கும் மெகாவுக்கும் நூறு கோடி மடங்கு.

செர்னோபில் அணு உலை விபத்தில் மணிக்கு 3.6 ரோன்ட்ஜென் என்றார்களே, அந்த எண் எப்படி வந்தது? (மதுரை)

நல்ல கேள்வி. 1986 ஏப்ரல் 26 அன்று கைக்குக் கிடைத்த மீட்டர்கள் நொடிக்கு 1000 மைக்ரோ ரோன்ட்ஜென் வரைதான் காட்டும். நொடியை மணியாக்க 3600-ஆல் பெருக்குங்கள்: மணிக்கு 3.6 ரோன்ட்ஜென். முள் போய் முட்டி நின்ற இடத்தை அளவு என்று மேலே சொல்லிவிட்டார்கள். உலைக்குப் பக்கத்தில் உண்மை அளவு மணிக்கு ஆயிரக்கணக்கான ரோன்ட்ஜென். முள் கடைசியில் நின்றால் "இதற்கு மேல்" என்றுதான் எழுத வேண்டும்.

கதிர்சிகிச்சைப் பிரிவில் பெரியவர்கள் "200 ராட்" என்கிறார்கள், நாங்கள் 200 சென்டிகிரே என்று படித்தோம். (தொழில்நுட்பப் பயிற்சி மாணவர், வேலூர்)

இரண்டும் ஒன்றுதான், 2 கிரே. பழைய எண்ணை மாற்ற வேண்டியிராது என்பதால்தான் அந்தப் பிரிவில் சென்டிகிரே நிலைத்துவிட்டது. நிமிடத்துக்கு 2 கிரே என்பது மணிக்கு 120 கிரே என்பதையும் மனதில் வையுங்கள். சிகிச்சை அறையில் நிமிடம், சுவருக்கு வெளியே சர்வேயில் மணி. இரண்டையும் ஒரே தாளில் எழுதும்போது பார்த்து எழுதுங்கள்.

என் கருவி நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை காட்டுகிறது. மைக்ரோசீவர்ட்டாக மாற்றச் சூத்திரம்? (சேலம்)

பொதுச் சூத்திரம் கிடையாது. கருவிக்குள் கதிரை எண்ணும் குழாய் எது, எந்தக் கதிரியக்க ஐசோடோப்பை வைத்துக் காலிபரேஷன் செய்தது என்பதைப் பொறுத்தது. கருவியோடு வந்த அட்டையில் பெரும்பாலும் சீசியம்-137 என்ற ஐசோடோப்புக்கு, மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்ற எண் இருக்கும், அதைக்கொண்டு வகுங்கள். அட்டை தொலைந்துவிட்டது என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். காலிபரேஷனுக்கு அனுப்புங்கள்.