பாட்டி வீட்டு நினைவுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 52. சிறுவயதில் ஆண்டு முழுவதும் வசித்த வீட்டுச் சுவரின் நிறம்கூட இன்று நினைவில் இல்லை. ஆனால் விடுமுறையில் சில வாரங்கள் மட்டுமே தங்கிய கிராமத்துப் பாட்டி வீடு, கிணற்றடிக் கல்லின் வழவழப்பு வரை நினைவிருக்கிறது. மழை தூறினாலே அந்த வீடு கண்முன் வந்துவிடுகிறது. இது எதனால்?

பதில்: ஒரே தெரு வழியாகப் பள்ளிக்குப் போய் அதே தெரு வழியாகத் திரும்பிய நாட்களை மூளை தனித்தனியே எடுத்து வைப்பதில்லை, அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே நாளைப் போல ஆகிவிடுகின்றன. பாட்டி வீட்டிலோ கண் விழித்ததும் தெரியும் கூரையே புதிது. புதியதைக் குழந்தை உற்றுப் பார்க்கும். உற்றுப் பார்த்தது தங்கும். போதாக்குறைக்கு, ஊர் திரும்பியபின் அந்த நாட்களைப் பலமுறை பேசியிருப்பீர்கள்.

மழைக்குத் தனிக் காரணம் உண்டு. காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழும்போது எழும் மணத்துக்கு ‘பெட்ரிகோர்’ என்று 1964-இல் பெயரிட்டவர்கள் இசபெல் பியர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அந்த மணத்தில் முக்கியப் பங்கு இருக்கிறது. லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற பகுதியைக் கடந்தே மூளையின் மேற்பரப்பை எட்டுகின்றன. மணமோ அந்தச் சுற்றுவழியில் செல்லாமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவையும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியையும் விரைவில் அடைந்துவிடுகிறது. ஆகவேதான், பாட்டியை நினைக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதற்கு முன்பே அவர் வந்து நிற்கிறார்.

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த வீட்டுக்குப் போனேன். கூடம் மிகச் சிறியதாக இருந்தது. என் நினைவு பொய்யா?

பதில்: பொய் இல்லை, அது ஒரு குழந்தையின் கண் எடுத்த அளவு. ஆறு வயதில் நம் கண்கள் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இப்போது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில். எனக்கும் இது நேர்ந்தது. நுனிக்காலில் நின்று எட்டிப் பிடித்த கதவுத் தாழ்ப்பாள் என் மார்பளவில் இருந்தது. மனம் கேட்காமல் வாசற்படியில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். கூடம் மெல்ல நீண்டு பழைய கூடமானது. அடுத்த முறை நீங்களும் அப்படி உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. இப்போது அவனைப் பாட்டியிடம் அழைத்துப் போனால் நினைவிருக்குமா?

பதில்: இருக்க வாய்ப்பு குறைவு. வளர்ந்தவர்கள் சொல்லும் முதல் நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதைச் சார்ந்தது. ஆனாலும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவன் மறந்தாலும் பாட்டி மறக்க மாட்டார். பேச்சு வந்தபின் ஒவ்வொரு பயணத்தையும் அவனோடு விரிவாகப் பேசுங்கள். பெரியவர்கள் நடந்தவற்றை நுணுக்கமாகப் பேசும் வீடுகளில் குழந்தைகளின் நினைவும் வளமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. “பாட்டி வீட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா?” என்பதோடு நிறுத்தாமல், “கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது தண்ணீரில் யார் தெரிந்தார்கள்?” என்று கேளுங்கள்.