ஸ்லோ குக்கர் கேக்: மேலே தண்ணி, ஓரம் கருகல்; பதிலா சாக்லேட் புட்டிங்

ஸ்லோ குக்கர்ல (குறைஞ்ச சூட்டுல மெதுவா வேக வைக்கிற மின்சாரப் பாத்திரம்) செஞ்ச கேக் மேல தண்ணி கோத்து நிக்குது, ஓரமோ கருகிப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுக்கும் காரணம் வேற வேற.

தண்ணி மூடியிலிருந்து சொட்டுது. ஆவி வெளியே போக வழியில்லாம மூடியில பட்டுக் குளிருது. கெட்டியான பருத்தித் துண்டை மூடிக்கு அடியில இறுக்கமா விரிச்சு, முனைகளை மூடி மேல மடிச்சுக் கட்டுங்க. இட்லித் துணி போதாது, ரொம்ப மெல்லிசு. குக்கரோட சூடான பக்கத்துல துணி தொங்கக் கூடாது.

பெரும்பாலான ஸ்லோ குக்கர்ல சூடு பக்கவாட்டிலிருந்துதான் வரும். 6 லிட்டர் பாத்திரத்துல 1 கப் மாவு மெல்லிசா பரவி ஓரத்துல கருகத்தான் செய்யும். 3 லிட்டர் போதும்.

என்னைக் கேட்டா கேக்கை விட்டுட்டு, தானே சாஸ் விடுற புட்டிங் செய்ங்க. 1 கப் மைதா, அரை கப் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி கோகோ, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரை கப் பால், 2 மேசைக்கரண்டி எண்ணெய் கலந்து, வெண்ணெய் தடவின பாத்திரத்துல ஊத்துங்க. முக்கால் கப் நாட்டுச்சர்க்கரையும் கால் கப் கோகோவும் மேல தூவி, ஒன்றரை கப் வெந்நீர் ஊத்துங்க. கிளறவே கூடாது! ஹையில 2 மணி நேரம். நடுவுல திறந்து பார்க்காதீங்க. கேக் மேல எழும்பி, சாஸ் அடியில தங்கிடும். கொஞ்சம் ஆறவிட்டா சாஸ் கெட்டியாகும்.