ஜாங்கோவில் கடவுச்சொல் உள்நுழைவை நிறுத்துதல்: கேள்வி பதில்

கேள்வி: ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைத்தளங்கள் கட்ட உதவும் மென்பொருள் சட்டகம்) அமைத்த எங்கள் தளத்தின் பயனர்கள் இனி கூகுள் கணக்கு வழியாகவே நுழைவார்கள். தரவுத்தளத்தில் பழைய கடவுச்சொல் புலத்தை வெறுமையாக்கினால் போதுமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெறுமையான புலத்தை வைத்து எவராலும் நுழைய முடியாதுதான். ஆனால் 2.1 பதிப்பு முதல் ஜாங்கோ அதையும் செல்லுபடியாகும் கடவுச்சொல் என்றே எடுத்துக்கொள்கிறது. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்பதை அழுத்தினால் மீட்பு மின்னஞ்சல் போய்ச் சேரும். புதிய கடவுச்சொல் வைத்துக்கொண்டு அவர் பழைய வழியிலேயே வந்துவிடுவார்.

பயனர் மீது செட்_அன்யூசபிள்_பாஸ்வேர்ட் என்ற செயற்கூறை அழையுங்கள். அது புலத்தில் ஓர் ஆச்சரியக்குறியையும் அதன் பின்னே தற்போக்கான 40 எழுத்துகளையும் எழுதும். ஜாங்கோவின் ஹாஷ்கள் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமிக்கப்படும் மறைவடிவங்கள்) அல்காரிதத்தின் பெயரில்தான் தொடங்கும். ஆகவே எதைத் தட்டச்சு செய்தாலும் பொருந்தாது. மீட்பு மின்னஞ்சலும் போகாது. அழைத்த பிறகு நீங்களே சேமிக்க வேண்டும். அது தானாகச் சேமிப்பதில்லை.

கேள்வி: கணக்கையே செயலற்றதாகக் குறித்துவிட்டால்?

பதில்: பணியை விட்டுச் சென்றவருக்கு அது சரி. உங்களுக்கு வேண்டியது ஒரு வாசலை அடைப்பது மட்டும்தானே.

கேள்வி: அமைப்புக் கோப்பிலிருந்து மாடல்பேக்எண்டை (ஜாங்கோவின் இயல்பான உள்நுழைவுப் பகுதியை) நீக்கிவிட்டேன். என் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஊழியர்களுக்கு நிர்வாகப் பக்கத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

பதில்: நீங்கள் சூப்பர்யூசராக (முழு அதிகாரம் பெற்ற பயனராக) நுழைந்து சோதித்திருப்பீர்கள். சூப்பர்யூசருக்கு ஜாங்கோ எந்த பேக்எண்டையும் கேட்காமலே எல்லா அனுமதியும் தந்துவிடும். மற்றவர்களின் அனுமதிகளையும் குழுக்களையும் பார்த்துச் சொல்வது மாடல்பேக்எண்ட்தான். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அதன் பாதி வேலை மட்டுமே என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் புதிய பேக்எண்ட் அனுமதிகளைக் கவனித்துக்கொள்ளாவிட்டால், மாடல்பேக்எண்டிலிருந்து ஒரு துணை வகுப்பு எழுதி, அதன் ஆத்தென்டிகேட் (உள்நுழைவைச் சரிபார்க்கும் செயற்கூறு) எப்போதும் நன் (None, அதாவது 'எவருமில்லை') என்றே திருப்பித்தரும்படி செய்யுங்கள். அனுமதிகள் அப்படியே இருக்கும்.

கேள்வி: நிரல் எழுதாமல், நிர்வாகப் பக்கத்திலிருந்தே ஒரு கணக்கின் கடவுச்சொல்லை முடக்க முடியுமா?

பதில்: 5.1 பதிப்பிலிருந்து முடியும்.

கேள்வி: ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும்?

பதில்: வெளியேற்றப்படுவார்கள். ஒவ்வொரு அமர்விலும் கடவுச்சொல் புலத்திலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷ் இருக்கிறது. புலம் மாறினால் அது பொருந்தாமல் போகும். பாதி நிரப்பிய படிவத்தோடு ஒருவர் திடீரென வெளியே தள்ளப்படுவது கொடுமை. முதல் நாளே தெரிவித்துவிட்டு, எவரும் வேலை செய்யாத நேரத்தில் மாற்றுங்கள்.