ஆர்.சி. கார் ஓட்டத்துக்குச் சத்தம் குறைந்த ஜெனரேட்டர்: கேள்வி பதில்

கரண்ட் வசதி இல்லாத மைதானங்களில் ரிமோட் கார் ஓட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலோர் முதலில் கேட்டது எத்தனை கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறன் அளவு, 1 கே.வி.ஏ. என்றால் 1000 வி.ஏ.) வாங்குவது என்பதைத்தான்.

அண்ணா, நாங்கள் நான்கு பேர், எல்லாம் எலக்ட்ரிக் பக்கி, அதாவது பேட்டரியில் ஓடும் கார். 2 கே.வி.ஏ. போதுமா?

தாராளமாகப் போதும் தம்பி. 5000 எம்.ஏ.எச். 2எஸ் லிப்போவை (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) 5 ஆம்பியரில் ஏற்றினால் உச்சத்தில் 8.4 வோல்ட், அதாவது 42 வாட். சார்ஜர் வீணாக்குவதையும் சேர்த்து 50 என்று வையுங்கள். அவசரத்துக்கு 10 ஆம்பியரில் ஏற்றினாலும் 100தான். நால்வருக்கும் 400, ஒரு லேப்டாப், ஒரு சோல்டரிங் அயர்ன் என்று எல்லாம் சேர்ந்தாலும் 550 வாட் பக்கம்தான் வரும். விலை குறைந்த சார்ஜர்கள் வாட்டைவிடக் கூடுதலாக வி.ஏ. (வோல்ட் × ஆம்பியர்) இழுக்கும் என்பதால் கொஞ்சம் இடம் விடுங்கள்.

கணக்குப்படி 1 கே.வி.ஏ.வே சமாளிக்கும். ஆனாலும் 2 வாங்குங்கள் என்பேன், காரணம் சத்தம். சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தருவதற்காக ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் 3000 ஆர்.பி.எம்.மில் கத்திக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் ரகம் எலக்ட்ரானிக்ஸ் வழியாக 50 ஹெர்ட்ஸ் தருவதால், லோடு குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கால்வாசி லோடில் ஓடும் 2 கே.வி.ஏ., முக்கி முக்கி ஓடும் 1 கே.வி.ஏ.வைவிடப் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சார்ஜருக்கும் லேப் டைமிங் கம்ப்யூட்டருக்கும் சுத்தமான கரண்டும் கிடைக்கும். இன்வெர்ட்டர் இல்லாததை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒரு பெட்டியில் 52 டெசிபல் என்றும் இன்னொன்றில் 86 என்றும் போட்டிருக்கிறது. இரண்டாவது அவ்வளவு மோசமா?

இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. 86 என்பது பெரும்பாலும் எல்.டபிள்யூ.ஏ., அதாவது இயந்திரம் வெளிவிடும் மொத்த ஒலித்திறன். இந்தியாவில் பெட்ரோல் ஜென்செட்டுகளுக்கு 2003இல் கொண்டுவந்த உச்சவரம்பும் அதே 86தான். 52 என்பது வழக்கமாக 7 மீட்டர் தள்ளி நின்று, அதுவும் கால்வாசி லோடில் அளந்தது. திறந்தவெளியில் எல்.டபிள்யூ.ஏ.விலிருந்து 25 கழித்தால் 7 மீட்டரில் கேட்கும் அளவு ஏறக்குறைய வந்துவிடும். ஆக அந்த 86, 7 மீட்டரில் 61. அது முழு லோடில் எடுத்ததா என்றும் பாருங்கள். ஹோண்டா இயூ2200ஐ-க்கு அமெரிக்காவில் 48 முதல் 57 வரை என்று கொடுப்பார்கள். லோடைப் பொறுத்து அதே மெஷினில் 9 டெசிபல் வித்தியாசம். எவ்வளவு தூரத்தில், எவ்வளவு லோடில் அளந்தது என்று எழுதாத எண்ணை நம்பாதீர்கள்.

பிட் டென்ட்டுக்கு (கார்களைத் தயார் செய்யும் கூடாரம்) பின்னால் வைத்து, மரப்பெட்டி போட்டு மூடிவிட்டால் சத்தம் குறையுமா?

வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் சூடேறிக் கெட்டுப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து புகை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, டென்ட் ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் யாருக்கும் தெரியாது. குறைந்தது 6 மீட்டர் தள்ளி, காற்று ஆட்களிடமிருந்து விலகி வீசும் பக்கத்தில், சைலன்சர் வெளிப்புறம் பார்த்து நிற்கட்டும்.

சத்தத்துக்கு மலிவான மருந்து ஒயர்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 7 மீட்டரிலிருந்து 28 மீட்டருக்குக் கொண்டுபோனால் 12 போச்சு, இதற்கு மேல் எந்த விலை உயர்ந்த மாடலும் உங்களுக்குத் தரப்போவதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 30 மீட்டர் வாங்குங்கள். 7 ஆம்பியர் ஓடினாலும் 3 வோல்ட்டுக்குப் பக்கமாகத்தான் இழப்பு. சுருளோடு சொருகாமல் முழுக்க விரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சுருள் சூடாகும்.

நாங்கள் நைட்ரோ, அதாவது எரிபொருளில் ஓடும் இன்ஜின் கார். கார் சுத்தம் செய்ய 1 எச்.பி. கம்பிரசர் வேண்டும்.

நைட்ரோ அலறும் இடத்தில் ஜெனரேட்டர் சத்தத்தை யார் கேட்கப்போகிறார்கள்! சரி, விஷயத்துக்கு வருவோம். கம்பிரசர் ஓடும்போது 1000 வாட் பக்கம், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் டிரிப் ஆக வாய்ப்பு அதிகம். ஈகோ சுவிட்சை (லோடுக்கு ஏற்ப வேகத்தைக் குறைப்பது) அணைத்துவிட்டு, டேங்கில் அழுத்தம் இல்லாதபோது கிளப்பிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் பேட்டரி புளோயரே போதும்.

மாமா அமெரிக்காவிலிருந்து வருகிறார். ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா சார்?

அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 100–240 வோல்ட் சார்ஜர் ஓடும், நம் ஊர் சோல்டரிங் அயர்ன் சரியாகச் சூடேறாது. பெட்ரோல் ஊற்றி ஓட்டிய மெஷினை விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். மாமாவிடம் டயர் செட் கேளுங்கள்.

ஊட்டியில் ஓட்டப்போகிறோம். ஏதாவது மாறுமா?

மாறும். 300 மீட்டர் ஏறினால் இன்ஜின் சக்தி ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும். ஊட்டி 2240 மீட்டர், கால்வாசி போய்விடும். சார்ஜர்கள் மட்டும் என்றால் 2 கே.வி.ஏ.வில் கவலையில்லை.

ஜெனரேட்டரே வேண்டாம், பவர் ஸ்டேஷன் (சாக்கெட் வைத்த பெரிய பேட்டரிப் பெட்டி) வாங்கினால்?

ஒருவர் இருவர் என்றால் அதுவே என் முதல் சிபாரிசு, சத்தமும் புகையும் அறவே இல்லை. மேலே சொன்ன லிப்போவில் 37 வாட்-அவர்தான் இருக்கிறது. இழப்போடு 45 என்று கொண்டால், 1000 வாட்-அவர் ஸ்டேஷன் ஏறக்குறைய 22 தடவை ஏற்றும். சார்ஜரில் டி.சி. இன்புட் இருந்தால் ஸ்டேஷனின் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்தே எடுங்கள், இன்வெர்ட்டர் இழப்பு மிச்சம். ஆனால் அந்த சாக்கெட் பல மாடல்களில் 10 ஆம்பியர்தான் தரும். நான்கு பேர் நாள் முழுக்க ஓட்டினால் மதியத்துக்கு மேல் அது திணறிவிடும்.

மாதம் ஒருமுறைதான் எடுப்போம். எப்படி வைப்பது?

இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, அது ஈரத்தை இழுக்கும். உங்கள் மாடல் எவ்வளவு எத்தனால் தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள், சிலவற்றில் வரம்பு 10தான். வீட்டுக்குக் கிளம்பும் முன் பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகும். வால்வு தனியாக இல்லாத மாடலில் கார்புரேட்டர் அடியிலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி வடித்துவிடுங்கள், இன்ஜின் ஆறிய பிறகு.